பட்டர்மில்க் பேன்கேக்: மாவில் கட்டி இருக்கட்டும்

அமெரிக்காவின் டைனர் எனப்படும் எளிய உணவகங்களில் காலையில் அடுக்கித் தரும் பேன்கேக் விரல் கனத்துக்கு உப்பியிருக்கும். பிய்த்தால் உள்ளே மெத்தென்று இருக்கும். வீட்டில் அதே பொருள்களைப் போட்டும் தட்டையாக, சவசவவென்று வருகிறதென்றால், பெரும்பாலும் மாவை அதிகமாக அடித்திருப்பார்கள், அல்லது தோசை மாவு போல நீர்க்கக் கரைத்திருப்பார்கள். தோசை மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குகிறது. இதில் சோடாவும் பேக்கிங் பவுடரும் சில நிமிடங்களில் கிளப்பும் வாயுதான் எல்லாம். அதை மாவுக்குள்ளேயே தங்க வைக்கத் தெரிந்தால் போதும்.

10 செ.மீ. அகலத்தில் பன்னிரண்டு, பதிமூன்று பேன்கேக்குக்கு: மைதா 250 கிராம், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டர்மில்க் 480 மி.லி., முட்டை 2, உருக்கிய வெண்ணெய் 50 கிராம். ஸ்பூன் அளவெல்லாம் தலைதட்டி.

பட்டர்மில்க் என்றதும் நம் மோரை ஊற்றிவிடக் கூடாது. அமெரிக்கக் கடைகளில் கிடைப்பது பாலைப் புளிக்க வைத்துச் செய்த, கெட்டியான திரவம். நம் மோரில் தண்ணீர் அதிகம். மாவு கல்லில் ஓடிவிடும். 360 கிராம் கெட்டித் தயிரில் 120 மி.லி. பால் விட்டு அடித்துக்கொண்டால் சரியான பதம் வரும். தயிர் லேசாகப் புளித்திருப்பது நல்லது. சோடாவைக் கிளப்புவது அந்தப் புளிப்புதான். சோடாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மாவின் புளிப்பைத் தணித்து மேல்புறம் நன்றாகச் சிவக்க உதவும். பட்டர்மில்க் ஊற்றிச் சோடாவை விட்டுவிட்டால் பேன்கேக் வெளிறிப்போகும். சோடா கூடினாலோ சீக்கிரம் கறுத்து, சோப்பு வாடை அடிக்கும்.

பழைய பேக்கிங் பவுடரை நம்ப வேண்டாம். அரை டீஸ்பூனைக் கொதிநீரில் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். மந்தமாக நாலு குமிழி வந்தால் புது டப்பா வாங்குங்கள்.

உலர்ந்த பொருள்களை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். தயிர்ப்பாலும் முட்டையும் அறைச் சூட்டில் இருக்கட்டும். ஜில்லென்று இருந்தால் உருக்கிய வெண்ணெய் விழுந்ததும் மணிமணியாக உறைந்துவிடும். மூன்றையும் வேறொரு பாத்திரத்தில் ஒன்றாக அடித்து, மைதாவின் நடுவில் ஒரே தடவையில் ஊற்றுங்கள். அகலக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பதினைந்து புரட்டில் உலர்மாவு மறைந்துவிடும். அங்கேயே நிறுத்த வேண்டும். பட்டாணி அளவுக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றைக் கரைக்கத்தான் கை போகும், போகக் கூடாது. அடிக்க அடிக்க மைதாவின் பசைத்தன்மை வலுத்து மாவு இழுவையாகும், வாயுவும் வெளியேறும். பத்து நிமிடம் மூடி வைத்தால் கட்டிகள் தாமாக ஊறி இளகிவிடும். அப்போது கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் மாவு திட்டுத்திட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. ஊறிய பிறகு மறுபடி கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளுங்கள். அரைமணிக்குள் சுட்டு முடித்துவிடுவது நல்லது. சோடாவின் வேகம் அதற்குமேல் நிற்காது.

இரும்புத் தோசைக்கல் இதற்கு அருமையாகப் பொருந்தும். மிதமான தீயில் ஐந்து நிமிடம் காயட்டும். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடி மறைய வேண்டும். வெப்பமானி இருந்தால் 190 டிகிரி செல்சியஸ். தடவ நெய்யோ எண்ணெயோ போதும். வெண்ணெயில் உள்ள பால்கசடு அந்தச் சூட்டில் கருகும். தடவிவிட்டுத் துணியால் துடைத்தே எடுத்துவிடுங்கள். தோசைக்கு விடுவதுபோல எண்ணெய் விட்டால் மேல்புறம் திட்டுத்திட்டாகப் புள்ளி விழும். முதல் பேன்கேக் பல வீடுகளில் அழகில்லாமல் போவது இந்த எண்ணெயால்தான்.

கால் கப் மாவை, அதாவது 60 மி.லி., ஒரே இடத்தில் விடுங்கள். தேய்க்க வேண்டாம், தானாகப் பரவி நிற்கும். இரண்டு நிமிடம் கழித்து மேலே குமிழிகள் உடையும். உடைந்த குழிகள் மூடிக்கொண்டால் இன்னும் நேரமிருக்கிறது. திறந்தே நின்று, ஓரம் பளபளப்பு இழந்தால் திருப்பும் நேரம். ஒரே தடவை திருப்புங்கள். அடுத்த புறத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும், அது முதல் புறம்போல ஒரே சீராகச் சிவக்காது. திருப்பியால் அழுத்தவே கூடாது: இவ்வளவு பாடுபட்டுக் காத்த வாயு ஒரு அழுத்தில் போய்விடும். வெளியே கறுத்து உள்ளே மாவாக இருந்தால் தீயைக் குறையுங்கள். வெளிறி, வறண்டு, கெட்டியாக இருந்தால் கல் காயவில்லை.

புளூபெர்ரி சேர்ப்பதானால் மாவில் கலக்காமல், கல்லில் ஊற்றிய பிறகு மேலே பதியுங்கள். கலந்தால் பழச்சாறு கசிந்து, சோடா பட்ட இடமெல்லாம் பச்சையோடும்.

சுட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக மூடி வைத்தால் ஆவியில் நமத்துவிடும். 95 டிகிரி ஓவனில், கம்பித்தட்டில் தனித்தனியாகப் பரப்பினால் கால்மணி நேரம் தாங்கும். ஓவன் இல்லாவிட்டால் சுடச்சுடப் பரிமாறுங்கள்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப் வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். உண்மையான சிரப்பில் மேப்பிள் மரத்தின் சாறு தவிர வேறெதுவும் இருக்காது. ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் கிடைக்கும், விலை அதனால்தான். 'பேன்கேக் சிரப்' என்று மலிவாக விற்பது பெரும்பாலும் மணமூட்டிய சோளச் சிரப். எதுவானாலும் லேசாகச் சூடாக்கி ஊற்றுங்கள்.

மீந்தால் முழுக்க ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடலாம். ஒரு மாதம் கெடாது. எடுத்து நேராக டோஸ்டரில் வைத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் அது நடக்காது.