ஓஎல் பாஸ் இல்லாட்டியும் கொம்பியூட்டர் திருத்தப் பழகலாம்

ஓஎல்லோட பள்ளிக்கூடத்தை விட்ட பொடியள், கலியாணம் கட்டி வீட்டோட நிக்கிற பிள்ளையள், ஓட்டோ ஓடிக்கொண்டே வேறொரு தொழிலும் கையில இருந்தா நல்லம் எண்டு நினைக்கிற ஆக்கள், எல்லாரும் கேக்கிறது சேர்டிபிகட் இல்லாம இதைப் பழகேலுமோ எண்டுதான். ஏலும். என்ர கணிப்பில முதல் கையைப் பழக்குங்கோ, பேப்பரைப் பிறகு எடுக்கலாம்.

லப்டொப்பில தொடங்காதேங்கோ. ஆரும் கழிச்சு வைச்ச டெஸ்க்டொப் ஒண்டு தேடி எடுத்து, பிளக்கைக் கழட்டி, உடம்பில நிக்கிற ஸ்டாட்டிக் கரண்ட் போக கேசிங்கின்ர தகரத்தில கையை வைச்சிட்டு ஒவ்வொண்டாக் கழட்டுங்கோ, கழட்ட முதல் போனில போட்டோ எடுங்கோ, பிறகு அந்த போட்டோவைப் பார்க்காமலே பூட்டுற அளவுக்கு வரவேணும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, பிளக் கழட்டின பிறகும் உள்ளுக்க கப்பாசிட்டரில கரண்ட் நிக்கும்.

கடைக்குக் கூட வாற கேஸ் "பேன் சுத்துது, ஸ்கிரீன் வரேல்ல". உடனே மதர்போர்ட் போட்டுது எண்டு சொல்லுறவை கனபேர், நம்பாதேங்கோ. ராமை, அதான் மதர்போர்டில குத்தியிருக்கிற மெமரித் தட்டை, கழட்டி, தங்கக் கலர் காலுகளை அழிறப்பரால மெல்லமாத் துடைச்சு, கிளிப் டிக்கெண்டு விழுற மட்டும் அமத்துங்கோ, ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்டாப் போட்டுப் பாருங்கோ. கன மெசின் இதோடயே எழும்பிடும்.

ஒண்டுமே ஓடாட்டி பவர் சப்ளை. அதைத் தனியக் கழட்டி வைச்சு, 24 பின் கனெக்டரில பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் சின்ன வயர்த்துண்டால தொடுத்து பிளக்கைப் போட்டா பேன் சுத்தவேணும், பிறகு மல்டிமீட்டரை டிசியில வைச்சு மஞ்சளில 12, சிவப்பில 5, செம்மஞ்சளில 3.3 வோல்ட் வருதோ எண்டு பாருங்கோ, 5 சதவீதம் கூடிக் குறையலாம், 12க்கு 11.4க்குக் கீழ போனா அது சரிவராது. சில புது சப்ளையில எல்லா வயரும் கறுப்பு, அப்ப பின் படத்தைப் பார்த்துத்தான் செய்யவேணும்.

திகதி ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போகுதெண்டா மதர்போர்டில காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பற்றரியை மாத்துங்கோ. சோளகக் காத்து காலத்தில வாற மெசினுக்குள்ள மண் அப்பியிருக்கும், புளோவர் பிடிக்கேக்க பேனைச் சுத்த விடாம விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ.

இங்கிலீசு வாசிக்கக் கஷ்டம் எண்டு பின்வாங்கவேண்டாம். மெசினில வாறது திரும்பத் திரும்ப அதே சொல்லுகள்தான். "நோ பூட் டிவைஸ்" எண்டு வந்தா டிஸ்க்கை மெசின் காணேல்ல, டிஸ்க்கை மதர்போர்டோட தொடுக்கிற சாட்டா கேபிளையும், எதிலயிருந்து முதல் தொடங்கவேணும் எண்டு சொல்லுற பூட் ஒழுங்கையும் பாருங்கோ, விண்டோஸைப் புதுசா அடிக்கிறது கடைசி வேலை, அடிச்சா உள்ளுக்க கிடக்கிறது அழிஞ்சு போகலாம். அதுக்கு முதல் "அக்கா, இதுக்குள்ள கலியாணப் போட்டோ ஏதும் கிடக்கோ?" எண்டு கட்டாயம் கேளுங்கோ.

பேப்பருக்கு வாறன். என்விகியூ எண்டா இலங்கையின்ர தேசிய தொழிற்தகைமை, அது 1 தொடக்கம் 7 வரை இருக்கு, 4 வரைக்கும் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். ஹார்ட்வெயர் டெக்னீசியனுக்கு லெவல் 4ஐக் குறி வையுங்கோ. தொழிற்பயிற்சி அதிகாரசபையின்ர நிலையங்களில படிக்கலாம், இல்லாட்டி நைற்றா எண்டு சொல்லுற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபைக்கால கடையொண்டில பயிலுநராச் சேரலாம். ஏற்கனவே வேலை தெரிஞ்ச ஆக்கள் கோர்ஸுக்கே போகாம, ஆர்பிஎல் எண்டு சொல்லுற முன்கற்றல் மதிப்பீட்டில வேலையைச் செய்து காட்டி எடுக்கலாம், ஓட்டோ ஓடுற அண்ணாமாருக்கு இதுதான் வசதி. தனியார் இடமெண்டா காசு கட்ட முதல், அந்தக் கோர்ஸ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிஞ்சு என்விகியூ அங்கீகாரம் எடுத்ததோ எண்டு பாருங்கோ, கலர் கலரா அவையே அடிச்சுத் தாற பேப்பர் என்விகியூ இல்லை.

ஆர்பிஎல்லுக்கு ஆதாரம் கேப்பினம். அதால முதல் நாளிலயிருந்தே கொப்பியொண்டில திகதி, என்ன பிழை, மீட்டர் என்ன காட்டினது, எதை மாத்தினது எண்டு எழுதுங்கோ, கடையில சம்பளம் குறைவெண்டாலும் நிண்டு வேலை செய்ததுக்கு முதலாளியிட்ட கடிதமொண்டு கேட்டு வாங்கி வையுங்கோ.