குரல்வளை எடுத்த பிறகு வால்வு வைத்துப் பேசுவது எப்படி?

குரல்வளையை முழுசாக எடுத்தவர்களுக்கு மூச்சு கழுத்துத் துளை வழியாகத்தான். வாய்க்குக் காற்று வராது. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் வைக்கும் சிலிகான் வால்வு அதற்கு வழிவிடுகிறது. துளையை மூடி மூச்சை விட்டால், காற்று உணவுக்குழாய்க்குப் போய் மேல்பகுதித் தசையை அதிரவைக்கும். அதுதான் குரல்.

அளவாக மூச்சு இழுத்து, காற்று கசியாதபடி கட்டைவிரலைத் துளைமேல் வையுங்கள். அழுத்த வேண்டாம். சத்தம் வரவில்லையே என்று இன்னும் அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத்தான் குரல் அடைபடும். முதலில் "ஆ", அப்புறம் "அப்பா", "காப்பி", பிறகு "ஒரு காப்பி குடு". ஒரு மூச்சுக்கு நாலைந்து சொல் போதும்.

காலையும் இரவும், சாப்பிட்ட பிறகும் கண்ணாடி முன் டார்ச் அடித்து வால்வைச் சுத்தம் செய்யுங்கள். வால்வுக்கென்று உள்ள பிரஷை நனைத்து, சொட்டாதபடி உதறி, வால்வுக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். பிரஷைத் துடைத்துவிட்டு, அழுக்கு வராத வரை திரும்பச் செய்யுங்கள்.

தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் வால்வு ஒழுகுகிறது. எங்கே என்று பார்க்க ரோஸ் மில்க் நல்லது, நிறம் பளிச்சென்று தெரியும். ஒரு மடக்கு குடிக்கும்போது வீட்டில் ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். நடுவில் கசிந்தால் பருக்கை சிக்கியிருக்கலாம், பிரஷ் போடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் பூஞ்சை படிந்து மூடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம், மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஓ.பி.யிலேயே மாற்றிவிடுவார்கள். சுற்றி ஓரமாகக் கசிந்தால் பிரஷ் உதவாது. வால்வின் அளவு சரியில்லை அல்லது வால்வு உட்கார்ந்திருக்கும் உள்துளை விரிந்திருக்கிறது. டாக்டரைப் பார்க்கும்வரை தண்ணியாக எதுவும் குடிக்காமல் கெட்டியான கூழ் பதத்தில் சாப்பிடுங்கள்.

வால்வு கழன்றால் முதலில் அது கையில் இருக்கிறதா என்று பாருங்கள். காணவில்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் விழுந்திருக்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கையில் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே உள்துளை சுருங்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி ரப்பர் குழாயை அந்த உள்துளையில் செருகி, வெளிமுனையை முடிச்சுப் போட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அன்றே கிளம்புங்கள்.

சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும்: "எனக்குக் கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. ஆக்சிஜன் அங்கே வையுங்கள்." 108-ல் வருகிறவர்கள் பழக்கத்தில் மாஸ்க்கை மூக்கில்தான் வைப்பார்கள்.