இடைக்கால ஜீவனாம்சம்: முதல் மனுவிலேயே சறுக்கும் இடங்கள்

விவாகரத்து நோட்டீஸ் வந்ததும் பாம்பன், மண்டபம் பக்கம் பல வீடுகளில் சொல்லப்படும் யோசனை ஒன்றுதான்: "தீர்ப்பு வரட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம்." அங்கேயே பணம் கரையத் தொடங்குகிறது. தீர்ப்போடு கேட்கும் நிரந்தர ஜீவனாம்சத்துக்கு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. வழக்கு நடக்கும்போதே சாப்பாட்டுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்க 24ஆம் பிரிவு. வழக்கைத் தொடுத்தவர் கணவரா மனைவியா என்பது இதில் பொருட்டே இல்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றது. ஆகவே தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் இந்த மனுவை முடிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் 'கூடுமானவரை' என்ற சொல்லும் கூடவே இருப்பதால், வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிட்டு அந்தக் கெடுவை நம்பக் கூடாது.

கிறிஸ்தவர்களும் வாழும் தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் இன்னொன்றையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்: திருமணம் எந்தச் சட்டத்தின்கீழ் நடந்தது? கிறிஸ்தவப் பெண்ணுக்கு 24ஆம் பிரிவு பொருந்தாது. 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 36ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

மனுக்கள் அதிகம் சறுக்குவது வருமானக் கணக்கில். அதே 2020 தீர்ப்பின்படி இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். "மாதம் லட்சம் சம்பாதிக்கிறார்" என்று மனைவி எழுதுவார். "படகு அண்ணன் பேரில் இருக்கிறது, நான் பங்குக்குப் போகிறவன்" என்று கணவர் எழுதுவார். ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்காது. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு. ஒரு நல்ல மீன்பாட்டின் வசூலைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கிக் காட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்தே மனு முழுவதையும் சந்தேகத்துக்கு இடமாக்கிவிடுவார். படகுப் பதிவு மீன்வளத் துறையில் இருக்கிறது. அந்த ஆவணத்தை வரவழைக்கக் கோரலாம். வங்கிக் கணக்கு, நகைக்கடன் ரசீது, பள்ளிக் கட்டணம் ஆகியவை வாழ்ந்த தரத்தைக் காட்டும். வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணத்துக்கு வங்கியில் தடம் இருக்கும்.

கடல்பாசி எடுத்தும் கருவாடு விற்றும் வரும் சில்லறைக் காசை மனைவி மறைப்பதுதான், என் கணக்கில், எல்லாவற்றிலும் கெட்ட தவறு. சட்டம் கேட்பது, தன்னைத் தாங்கிக்கொள்ளப் போதுமான வருமானம் அவருக்கு உண்டா என்பதை மட்டுமே. கொஞ்சம் சம்பாதிப்பதால் ஜீவனாம்சம் மறுக்கப்படாது. "வருமானமே இல்லை" என்று எழுதிவிட்டு, குறுக்கு விசாரணையில் வியாபாரியின் பற்று நோட்டு வெளியே வந்தால், மற்ற உண்மைகளும் சேர்ந்தே அடிபடும்.

24ஆம் பிரிவுக்கு விவாகரத்து போன்ற மூல வழக்கு நிலுவையில் இருக்க வேண்டும். கணவர் வழக்கே போடாமல் விட்டுவிட்டுப் போயிருந்தால், 2024 ஜூலை முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் கேட்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் கேட்கலாம். ஓரிடத்தில் உத்தரவு வாங்கியதை இன்னோரிடத்தில் சொல்லாமல் விடக் கூடாது. முதல் தொகையை இரண்டாவது நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 144இல் பாக்கி நின்றால், அதைக் கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட வேண்டும். "அவராகத் தருவார்" என்று மூன்று வருடம் பொறுத்தவருக்குப் பழைய பாக்கிக்கு அந்த வழி அடைபட்டுவிடும்.

கணவர்களும் சளைத்தவர்கள் அல்லர். உத்தரவான பணத்தை மச்சான் கையில் ரொக்கமாகக் கொடுத்தனுப்பிவிட்டு, "கொடுத்தேன்" என்று சத்தியம் செய்கிறார்கள். நீதிமன்றம் கேட்பது ரசீதை. மனைவியின் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிட்டால் இந்த வம்பு இல்லை.

வக்கீல் கட்டணத்துக்காகத் தாலிக்கொடியை அடகு வைக்கும் முன், ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆகும் பஸ் செலவையும் மனுவில் தனியாக எழுதுங்கள். வழக்குச் செலவு என்ற தலைப்பைப் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள்.