தட்டு வைக்கும் முன் 12 நிமிடம்: வீட்டில் குடும்ப செபம் நிலைக்க

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பல கத்தோலிக்க வீடுகளில் குடும்ப செபம் சாம்பல் புதனன்று (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாள்) ஆர்ப்பாட்டமாகத் தொடங்கும். செபமாலையில் ஐந்து பத்து (ஒரு பத்து என்றால் பத்து முறை ‘அருள் நிறைந்த மரியே’ செபம்), புகழ்மாலை, இரண்டு பாட்டு என்று முக்கால் மணி நேரம் போகும். இரண்டாம் வாரம் பிள்ளைக்கு டியூஷன், அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். அதோடு சரி. ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு 12 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

மணி பார்த்து நேரம் வைத்தால் சீரியலும் டியூஷனும் மோதும். சாப்பாட்டுக்குத் தட்டு எடுப்பதற்குச் சற்று முன் வையுங்கள். சாப்பிட எப்படியும் எல்லாரும் வருவார்கள். சாப்பிட்ட பிறகு என்றால் சின்னதுகள் இரண்டாவது அருள் நிறைந்த மரியேயிலேயே தூங்கிவிடும்.

முதலில் சிலுவை அடையாளம், பிறகு செபமாலையில் ஒரே ஒரு பத்து: இது நான்கு நிமிடம். ஒவ்வொரு பத்திலும் இயேசு, மரியா வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைத் தியானிப்போம், அதுதான் மறையுண்மை; நான்கு வகை, வகைக்கு ஐந்து. திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மை. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழன் ஒளி (இதை 2002ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தார்). முதல் வாரம் ஒவ்வொன்றிலும் முதல் மறையுண்மை, அடுத்த வாரம் இரண்டாவது என்று போனால் ஐந்து வாரத்தில் இருபதும் முடியும். ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியைச் சொல்ல ஆள் மாறட்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு நாள் கொடுங்கள். பாட்டி பழைய வாசகம், பேத்தி மறைக்கல்வியில் படித்த வாசகம் என்று இரண்டும் சேர்ந்தால் நடுவில் தடுமாறும். அன்று யார் தொடங்குகிறாரோ அவர் சொல்லும் வாசகமே எல்லாருக்கும்.

அடுத்து விவிலிய வாசகம், மூன்று நிமிடம். முதல் புத்தகமான தொடக்க நூலிலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தவர்களில் பலர் லேவியர் நூலில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனம் என்றால் இரண்டே கால் மாதத்தில் முடிந்துவிடும். படித்ததும் பிரசங்கம் வேண்டாம். ‘இதில் யார் பயந்தாங்க?’ என்று ஒரு கேள்வி போதும்.

அடுத்து மன்றாட்டு, ஆளுக்கொரு வேண்டுதல். இதில்தான் பெரும்பாலும் கெட்டுப்போகிறது. ‘ஆண்டவரே, இவன் இனிமேலாவது போனைத் தொடாம ஒழுங்காப் படிக்கணும்’ என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பையனுக்கு அது செபமாகக் கேட்காது, சாமி முன்னால் வைத்து வாங்கும் திட்டாகத்தான் கேட்கும். ஒரு வாரம் இப்படி நடந்தால் செப நேரத்தில் அவனுக்குக் கட்டாயம் பாத்ரூம் வரும். வீட்டில் இருப்பவரின் குறையை மன்றாட்டில் சொல்வதில்லை என்று முதல் நாளே பேசி வையுங்கள். ‘எல்லாரும் நல்லா இருக்கணும்’ என்ற ஒரே வரியும் நாளடைவில் சலித்துவிடும். ஆளுக்கு ஒரு பெயர், ஒரு காரணம்: ‘பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன்.’ ஆபரேஷன் முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.

முடிவில் பெரியவர்கள் பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை வரையட்டும். கணவன் மனைவிக்குள் அன்று சண்டை என்றாலும் இதை விடாதீர்கள். ஷிப்டில் இருப்பவர் இடைவேளையில் போனில் ஸ்பீக்கரில் வந்தால் போதும், மன்றாட்டுக்கு மட்டும்.

இடம் பற்றி: சுரூபத்தை (மாதா, இயேசு சிலையை) டிவிக்கு மேலே வைக்காதீர்கள், எல்லார் கண்ணும் கீழேதான் போகும். மெழுகுவர்த்தியைத் திரைச்சீலையிலிருந்து கையெட்டாத தூரத்தில், அகலமான தட்டில் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். மின்விசிறியை நிறுத்தினால் கொசு பிடுங்கும்; விசிறி ஓடட்டும், வர்த்தியைக் கண்ணாடிக் கூட்டில் வையுங்கள். திருவருகைக்காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) இங்கே வடகிழக்குப் பருவமழையில்தான் வரும், கரண்ட் போகும். அந்தக் காலத்தில் ஏற்றும் நான்கு வர்த்தி வளையம் அன்று வெளிச்சத்துக்கும் ஆகும்.

தவக்காலத்துக்கு ஒன்று சேர்க்கலாம். திருச்சபைச் சட்டப்படி சுத்தபோசனம் (கறி தவிர்ப்பது) 14 வயது முடிந்தவர்களுக்கு, ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 முடிந்து 59 முடியும் வரை. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டாயமில்லை. வெள்ளிக்கிழமை கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் வறுப்பது சட்டப்படி சரிதான். ஆனால் கறியைவிட அதற்கு அதிகம் செலவழித்துவிட்டு ஒறுத்தல் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பிள்ளைகளுக்குப் பிடியரிசி பொருத்தம். சமைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைப் பிள்ளையே தனி டப்பாவில் போடட்டும். ஒரு பிடி சுமார் 50 கிராம் என்றால் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சேரும். அதற்கு மேல் வைத்தால் வண்டு விழும். மாதக் கடைசி ஞாயிறு பூசைக்குப் போகும்போது பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடமோ அன்பியத்திலோ (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் குழு) கொடுத்துவிடலாம். பையைப் பிள்ளை தூக்கட்டும்.