நிதி திரட்டலை மதிப்பிட வெளியாள் வருகிறாரா? அதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

முதலில் ஒன்று, உங்கள் தொண்டு நிறுவனம் நன்கொடை திரட்டும் விதத்தை வெளியாள் ஒருவர் வந்து மதிப்பிடுவது கணக்குத் தணிக்கை இல்லை. ஆடிட்டர் பார்ப்பது வந்த பணம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறதா என்று. இந்த மதிப்பீட்டாளர் கேட்கப்போவது, யார் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள், ஒருமுறை கொடுத்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்று. ஆகவே ஆடிட்டுக்கு வைத்திருந்த ஃபைலை அப்படியே தூக்கிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

எதற்காக இந்த மதிப்பீடு என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகக் குழுவின் ஒப்புதலை வாங்குங்கள். "எல்லாத்தையும் பாருங்க" என்று விட்டால் எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற பொத்தாம்பொதுவான அறிக்கைதான் வரும். பெரிய தொகை கொடுப்பவர்கள் ஏன் குறைகிறார்கள், நிகழ்ச்சிகளுக்குப் போகும் உழைப்புக்கு ஏற்ற வரவு இருக்கிறதா என்ற மாதிரி இரண்டு மூன்று கேள்விகள் போதும்.

அப்புறம் எண்கள். உண்மையான வேலை இங்கேதான். குறைந்தது 3 வருட நன்கொடை விவரத்தை எடுத்து, நன்கொடையாளர் பட்டியலின் மொத்தமும் கணக்குப் பிரிவின் மொத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாது, ஒருவர் தருவதாகச் சொன்ன தொகையை நிதி திரட்டும் பிரிவு அன்றே வரவாக எழுதியிருக்கும், கணக்குப் பிரிவு பணம் கைக்கு வந்த பிறகுதான் எழுதியிருக்கும், போதாததற்கு ஒரே ஆள் இரண்டு விதமான இனிஷியலில் இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார். வித்தியாசத்தை மறைக்க வேண்டாம், காரணத்தை எழுதி வையுங்கள்.

தக்கவைப்பு விகிதத்தையும், அதாவது போன வருடம் கொடுத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் இந்த வருடமும் கொடுத்தார்கள் என்பதையும், போட்டுப் பார்த்துவிடுங்கள். போன வருடம் 400 பேர் கொடுத்து, அவர்களில் 180 பேர் இந்த வருடமும் கொடுத்திருந்தால் 45 சதவீதம். இந்த வருடம் புதிதாக வந்தவர்களை இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்துவிட்டு, நிலைமை நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

நன்றிக் கடிதம், ரசீது, வேண்டுகோள் கடிதம் எல்லாம் உண்மையில் அனுப்பியதையே கொடுங்கள். மதிப்பீட்டுக்காக அவசரமாகப் புதுக் கொள்கை ஆவணம் தயாரிப்பது வீண்வேலை, அனுபவமுள்ளவர் தேதியைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். இல்லாததை இல்லை என்றே சொல்லுங்கள்.

பேட்டிகளுக்கு ஊழியர்கள், குழு உறுப்பினர்கள், சில நன்கொடையாளர்கள் எல்லாரும் வேண்டும், கொடுப்பதை நிறுத்தியவர்களையும் சேர்த்து. (திருப்தியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி அனுப்ப ஆசை வரும். வேண்டாம்.) ஊழியர்களிடம், யார் என்ன சொன்னார்கள் என்பது பெயரோடு அறிக்கையில் வராது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதை மதிப்பீட்டாளரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர் வாயைத் திறக்க மாட்டார். பேட்டி நடக்கும்போது மேலாளர் அந்த அறையில் இருக்கவே கூடாது.

ஆவணங்கள் கொடுக்க, நேரம் ஒதுக்க ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நன்கொடையாளர் விவரங்களைக் கொடுக்கும் முன் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். வரைவு அறிக்கை வந்ததும் தகவல் பிழைகளை மட்டும் திருத்தச் சொல்லலாம், பிடிக்காத முடிவை மாற்றச் சொல்லக் கூடாது. அறிக்கையைப் பற்றிப் பேசும் குழுக் கூட்டத்துக்கு இப்போதே தேதி குறித்துவிடுங்கள்.