கருவிக்குப் போகும் முன்பே கெட்டுப்போகும் ஆய்வு: தாவர வேதியியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1971-ல் சீனாவில் தூ யூயூவின் குழு மலேரியாவுக்கு மருந்து தேடி, மூலிகைச் சாறுகளை ஒவ்வொன்றாக எலிகளில் சோதித்துக்கொண்டிருந்தது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை நம்பிக்கை கொடுத்தது, மறுமுறை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டு மருத்துவ ஏடு ஒன்றைத் திரும்பப் படித்தபோது அவர் கண்ணில் ஒரு வரி பட்டது. செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது அந்த ஏடு. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. அப்படியானால் சூட்டில்தான் மருந்து அழிகிறதோ என்று யோசித்து, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கரைப்பானாக எடுத்துக்கொண்டார். அக்டோபர் 4 அன்று சோதித்த 191-வது சாறு, எலிகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியே இல்லாமல் செய்தது. ஆர்டிமிசினின் கிடைத்தது இப்படித்தான். 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

புதிதாக ஆய்வுக்கு வருகிற எல்லோருக்கும் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. பயிரிலும் மூலிகையிலும் உள்ள சேர்மங்களை அளக்கும்போது நம் கவனமெல்லாம் விலை உயர்ந்த கருவியின் மேல் இருக்கிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் அந்தக் கருவிக்குப் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன.

முதலில், பறித்த செடி செத்த பொருள் என்று நினைத்துக்கொள்வது. ஒரு பூண்டுப் பல்லை உரித்து முழுசாக மூக்கருகே வையுங்கள். வாசனை அவ்வளவாக இருக்காது. இப்போது அதைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்து நசுக்குங்கள். சில நொடிகளில் காரமான நெடி மூக்கில் ஏறும். முழுப் பல்லில் இருப்பது அல்லின். செல் உடைந்ததும் அல்லினேஸ் என்ற நொதி அதோடு சேர்ந்து அல்லிசினை உண்டாக்குகிறது. நசுக்குவதற்கு முன்பே பல்லை வேகவைத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும், அல்லிசின் உருவாகாது. ஆக, ஒரே பூண்டை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கையாண்டால் இரண்டு விடைகள் வரும், இரண்டுமே சரியான அளவீடாகவும் இருக்கும். ப்ராக்கோலியிலும் கடுகிலும் மைரோசினேஸ் என்ற நொதி இதே வேலையைச் செய்கிறது. வெட்டிய ஆப்பிள் பழுப்பாவதும் நொதியால்தான், அங்கே கரைந்துபோவது நாம் அளக்க வந்த பாலிஃபீனால் என்ற தாவரச் சேர்மமே.

அதனால் இலையைப் பறித்து ஒரு பையில் திணித்து, மறுநாள் ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். முடிந்தால் பறித்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். அது இல்லையென்றால் பனிக்கட்டிப் பெட்டி. உலர்த்துவதாக இருந்தால் வெப்பநிலையும் நேரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும், அதை எழுதியும் வையுங்கள். பச்சையாகப் போன இலை பழுப்பாக வெளியே வந்தால், எதையோ இழந்துவிட்டீர்கள் என்று அந்த இலையே சொல்கிறது.

அப்புறம் எடைக் கணக்கு. எளிய விஷயம்தான், ஆனால் அச்சான கட்டுரைகளிலும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். 85% நீர் உள்ள ஓர் இலையில் 100 கிராம் ஈர எடைக்கு 200 மில்லிகிராம் பாலிஃபீனால் இருக்கிறது என்று வையுங்கள். அதையே உலர் எடைக்குச் சொன்னால் 100 கிராமுக்கு சுமார் 1,333 மில்லிகிராம். ஒருவர் ஈர எடையில் சொன்னதை இன்னொருவர் உலர் எடையில் சொன்னதோடு ஒப்பிட்டு, "எங்கள் ரகத்தில் ஆறு மடங்கு அதிகம்" என்று எழுதிவிடுகிறார். இதில் செடிக்கு எந்தப் பங்கும் இல்லை, வித்தியாசம் முழுக்கத் தண்ணீர்தான். சாற்றின் எடைக்குக் கணக்கிடுவது என்று மூன்றாவது வழியும் உண்டு. எந்த எடை என்று சொல்லாத எண்ணை எதோடும் ஒப்பிடாதீர்கள்.

ஒரே சாற்றை மூன்று தடவை அளந்துவிட்டு "மூன்று மாதிரிகள்" என்று எழுதுவதும் பெரிய தவறு. அந்த மூன்று அளவீடுகளும் உங்கள் பிப்பெட் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். செடிக்குச் செடி எவ்வளவு மாறுகிறது என்று தெரிய வேண்டுமானால், தனித்தனிச் செடிகளிலிருந்து தனித்தனியாகச் சாறு எடுக்கத்தான் வேண்டும்.

சரி, சாறு தயார். அடுத்து எல்லோரும் கையில் எடுப்பது ஃபோலின்-சியோகால்ட்யூ சோதனை. நீல நிறம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு "மொத்த பாலிஃபீனால்" என்று எழுதுவார்கள். இந்த வினைபொருள் பாலிஃபீனாலை மட்டும் தேடிப் போவதில்லை. எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய எதோடும் அது வினைபுரியும். வைட்டமின் சி-யோடு நன்றாகவே நீலமாகும். லௌரி முறையில் புரதத்தை அளக்கவும் இதே வினைபொருள்தான் பயன்படுகிறது! வைட்டமின் சி நிறைய உள்ள பழத்தில் இந்த எண்ணை அப்படியே பாலிஃபீனால் என்று சொல்வது நியாயமில்லை. வைட்டமின் சி-யைத் தனியே அளந்து கழியுங்கள், அல்லது சாற்றைச் சுத்தம் செய்துவிட்டுச் சோதியுங்கள். ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளக்கும் டிபிபிஹெச் சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும். சாறு சேர்த்ததும் டிபிபிஹெச் என்ற பொருளின் ஊதா நிறம் எவ்வளவு குறைகிறது என்று 517 நானோமீட்டரில் பார்க்கிறோம். சாறே சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் அந்த நிறமும் கணக்கில் சேர்ந்துவிடும். டிபிபிஹெச் போடாத சாற்றையும் ஒரு குழாயில் வைத்துப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

நான் ஆய்வைத் தொடங்கிய காலத்தில் ஓர் இலைச் சாற்றை ஜிசி-எம்எஸ்ஸில், அதாவது சேர்மங்களைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காட்டும் கருவியில் ஓட்டினேன், வரைபடத்தில் கம்பீரமாக ஒரு பீக் (முகடு) வந்தது. மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறையைக் காட்டும் நிறைமாலையில் 149-ல் உயர்ந்த கோடு. கருவியின் நூலகம் (தெரிந்த சேர்மங்களின் நிறைமாலைத் தொகுப்பு) நல்ல பொருத்தத்தோடு ஒரு தாலேட்டின் பெயரைக் கொடுத்தது. இலையிலிருந்து ஒரு புதுப் பொருள் கிடைத்துவிட்டது என்று இரண்டு நாள் மகிழ்ச்சியில் இருந்தேன். மூன்றாம் நாள், செடியே போடாமல் வெறும் கரைப்பானை அதே பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி, அதே வேலைகளையெல்லாம் செய்து ஓட்டினேன். அதே நிமிடத்தில் அதே பீக். தாலேட்டுகள் பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கப்படுபவை, கரைப்பானில் எளிதாகக் கசிந்துவிடும். இவற்றைத் "தாவரத்தின் செயல்திறன் மிக்க சேர்மம்" என்று பட்டியலிடும் கட்டுரைகள் இன்றும் வருவதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. செடி இல்லாத வெற்று மாதிரி ஒன்றை ஓட்ட அரை நாள்கூட ஆகாது. நூலகம் கொடுக்கும் பெயர் ஒரு யூகம். தூய மாதிரிப் பொருளை ஓட்டி, பீக் வரும் நேரமும் நிறைமாலையும் ஒத்துப்போன பிறகே அதைப் பெயர் சொல்லி அழையுங்கள்.

கண்ணாடித் தட்டில் சாறு பட்டு செல்கள் செத்தால் உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று நம்புவதுதான் வாசகர்களை அதிகம் பாதிக்கிற தவறு. ஒரு சாறு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் அளவில் வேலை செய்கிறது என்று வையுங்கள். 5 லிட்டர் ரத்தத்தில் அந்த அளவு வர வேண்டுமானால், 1 கிராம் சாறு முழுசாக ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருக்க வேண்டும். குடலில் தடைபடாமல், கல்லீரலில் சிதையாமல். நடக்கிற காரியமா? மஞ்சளில் உள்ள குர்குமினின் சிக்கல் இன்னும் ஆழமானது. பல புரதங்களோடு அது கண்டபடி ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும், அதனால் பல சோதனைகளில் பொய்யான வெற்றியைக் காட்டும். உடம்பின் பிஎச் (அமில-கார) அளவில், சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) இல்லாத கரைசலில், அரை மணி நேரத்தில் சுமார் 90% சிதைந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த விளைவு குர்குமினுடையதா, அது சிதைந்து வந்தவற்றினுடையதா?

ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனுக்கான ஓராக் எண்களின் பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-ல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதே காரணம். இதைவிடக் கடுமையான பாடம் ஃபின்லாந்தில் கிடைத்தது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டீன் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18% கூடியிருந்தது. காய்கறியில் இருக்கும் ஒரு பொருளைத் தனியே பிரித்து அதிக அளவில் கொடுத்தால், அது காய்கறியாக நடந்துகொள்வதில்லை.

கடைசியாக, செடியின் பெயர். இதை அற்பம் என்று நினைப்பவர்கள் 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். எடை குறைப்பதற்காகக் கொடுத்த கலவையில் ஸ்டீஃபானியா டெட்ராண்ட்ரா சேர்க்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோகியா இனச் செடி சேர்ந்துவிட்டது. சீனத்தில் ஒன்றின் பெயர் ஹான் ஃபாங் ஜி, மற்றதன் பெயர் குவாங் ஃபாங் ஜி. அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

பேச்சுவழக்குப் பெயரை மட்டும் நம்பிப் பொடியாக வாங்கிய மூலிகையில் ஆய்வைத் தொடங்காதீர்கள். மாதிரி எடுக்கும் அன்றே பூவோ காயோ உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி உலர்த்துங்கள். பறித்த இடம், தேதி, பறித்தவர் பெயர் எழுதி, ஒரு தாவரவியலாளரிடம் காட்டி அடையாளம் உறுதிசெய்து, உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் சேர்த்து, அவர்கள் தரும் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். பத்து வருடம் கழித்து யாராவது உங்கள் முடிவைச் சந்தேகித்தால், எடுத்துப் பார்க்க அந்தக் கிளை அங்கே இருக்கும்.