உண்ணிச்செடியை அகற்றுவது எப்படி? வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

காப்புக்காட்டில் அயல் களைகளை அகற்ற முதல்முறை போகிறவர்கள் நேராக அரிவாளோடு புதருக்குள் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, அந்தப் புதரை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது. உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டு, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்த செடி இது. அது அடர்ந்த இடத்தில் புல் தலையெடுக்காது. ஆடுமாடு தின்றால் கல்லீரல் கெடும்.

1. அனுமதி

காப்புக்காட்டை நிர்வகிப்பவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, பூட்ஸ் கட்டாயம்.

2. அடையாளம்

தண்டு நான்கு பட்டையாக, சிறு முள்ளோடு இருக்கும். இலைகள் எதிரெதிராக, சொரசொரப்பாக இருக்கும். கசக்கினால் காட்டமான நெடி வரும். பல செடிகளில் பூங்கொத்தின் நடுவே மஞ்சளும் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பும் தெரியும். ஓரத்தில் இருப்பவை முன்னமே மலர்ந்த பூக்கள். சந்தேகம் இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

3. உட்கார்ந்து பாருங்கள்

விடிந்ததும் புதரிலிருந்து சற்றுத் தள்ளி, அசையாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். கொண்டைக்குருவி வாயில் புழுவோடு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் உள்ளே குஞ்சு இருக்கிறது. அந்தப் புதரில் ரிப்பன் கட்டி, குஞ்சுகள் பறக்கும்வரை தொடாதீர்கள். ஈர மண்ணில் கால்தடம், எச்சம், வளை ஆகியவற்றையும் தேதியோடு எழுதிவையுங்கள்.

"பட்டாம்பூச்சி இவ்வளவு வருகிறதே, இதையா வெட்டுவது?" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உண்ணிப்பூவில் தேன் குடிக்கும் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிட எருக்கைத் தேடிப் போகும். எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள்: வெளிறிய முட்டை தனியாக ஒட்டியிருக்கலாம், அல்லது கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு புழு மேய்ந்துகொண்டிருக்கலாம். உண்ணி தேன் கொடுக்கும். அந்தப் புழுவுக்குச் சோறு போடாது. அதனால் புதருக்குள் சிக்கியிருக்கும் உள்நாட்டுச் செடிகளையும் குறித்துக்கொண்டு காப்பாற்றுங்கள்.

4. வேரில் வெட்டுங்கள்

தரைக்கு மேலே வெட்டினால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். தீ வைப்பதும் வீண். எரிந்த தூரிலிருந்தே மறுபடி கிளம்பும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினரின் முறை எளிது, ரசாயனமும் வேண்டாம்.

முதலில் கம்பால் புதரைத் தட்டுங்கள், பாம்பு இருந்தால் விலகட்டும். அப்புறம் தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி விலக்குங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் தெரியும். துளிர் கிளம்புவது அங்கிருந்துதான். அதற்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, புதரை மொத்தமாகப் பெயர்த்தெடுங்கள். எடுத்ததைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காய விடுங்கள். வேர் மண்ணில் படக் கூடாது, பட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

காய் பழுத்துக் கருக்கும் முன்பே இதை முடிப்பது நல்லது. முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் மொட்டையடிக்காதீர்கள். பதுங்கிப் பழகிய உயிர்கள் ஒதுங்க இடம் வேண்டும். திட்டுத் திட்டாக எடுங்கள்.

5. திரும்பி வாருங்கள்

பழத்தைத் தின்னும் பறவைகள்தான் விதையைப் பரப்புகின்றன. எனவே மழைக்குப் பிறகு, அவை உட்காரும் மரங்களின் அடியில் முதலில் தேடுங்கள். நாற்று சிறிதாக இருக்கும்போது கையால் பிடுங்கினாலே வேரோடு வந்துவிடும். காலியான இடத்தில் அதே வட்டாரத்துப் புல் விதையைத் தூவுங்கள். வெறும் மண்ணாக விட்டால் அடுத்த களை வந்து உட்காரும். சில மழைக்காலங்களுக்காவது இதைத் தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய இடத்திலேயே, அதே நேரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். அப்போதுதான் எந்தத் திட்டில் எது திரும்பியது என்று ஒப்பிட முடியும்.